காலிக் கூடை

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு எதிரே அக்கா, முதுகுக்குப் பின்னால் கழுகு. மூக்கைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. மூக்கு லட்சணமாகத்தான் இருக்கும். கூடத்தின் ஒரு மூலையில் நின்றபடியே மறு மூலையில் ஒரு அட்டை கோணலாகப் போவதைக் கண்டுபிடித்துவிடுவாள், அதனால் வந்த பெயர். சூப்பர்வைசர் ஆன புதிதில் அது காதில் விழுந்தபோது அவளுக்கு உள்ளூரப் பெருமை. யாருக்குத்தான் கசக்கும்?

அன்று காலை அவள் கூடத்துக்குள் காலை வைத்ததும், வாசலருகே பசை தடவிக்கொண்டிருந்தவர் தன் காது மடலைத் தொட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர் தொட்டார். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காத இரைச்சல் அங்கே. ஆனால் காதைத் தொட்டால் சேதி கடைசி மெஷின்வரை போய்விடும். சேதி வேறொன்றுமில்லை, கழுகு வருது என்பதுதான். உடனே கழற்றி வைத்த கையுறைகள் கைக்கு ஏறும், அவிழ்ந்த கூந்தல் தொப்பிக்குள் போகும், முடக்கி வைத்த காவல் கம்பிகள் விடுதலையாகும். அவள் கடந்து போனதும் எல்லாம் பழையபடி. இந்த வித்தை அவளுக்குத் தெரியாததா என்ன? இதே வாசலில் நின்று முந்தின சூப்பர்வைசருக்காகக் காதைத் தொட்டவள்தானே அவளும்.

காவல் கம்பி என்றால் பஞ்சிங் மெஷினின் மேல் விளிம்பில் இருக்கும் கம்பி. பஞ்சிங் மெஷின் என்பது பெரிய புத்தகத்தை விரித்து மூடுகிற மாதிரி இரண்டு இரும்புப் பலகைகள் விரிந்து சேர்கிற சமாசாரம். விரியும்போது வெட்டுப்பட்ட அட்டையை ஒரு கையால் எடுக்க வேண்டும், புது அட்டையை மறு கையால் வைக்க வேண்டும், பிறகு கையை வெளியே எடுக்க வேண்டும். கடைசியில் சொன்னதை ஒரே ஒரு தடவை மறந்தால் போதும், ஆயுசுக்கும் நினைவிருக்கும். அதற்காகத்தான் கம்பி. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். நின்றதை மறுபடி ஓட வைப்பதற்குள் வேலை தேங்கிவிடும் என்பதால் எல்லோரும் ஒரு அட்டைத் துண்டைச் செருகிக் கம்பியை அசையாமல் செய்து வைத்திருந்தார்கள்.

கடைசி மெஷின் அவளுடைய அண்ணியுடையது. சொந்த அண்ணனின் மனைவி. கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடியில் கழுகும் அவள் கணவனும். சமையல் மட்டும் கீழே, ஒன்றாக. வீட்டில் அண்ணி சொன்னால் நாத்தனார் கேட்க வேண்டும், வேலையில் நாத்தனார் சொன்னால் அண்ணி கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு இடத்திலும் இரண்டு பேருமே கேட்பது கிடையாது என்பது நடைமுறை. ஆனாலும் ஒருத்திக்கு ஒருத்தி உயிர். கூடத்திலேயே வேகமான கை அண்ணியுடையது. பாழான அட்டைகளைப் போட ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு கூடை உண்டு. அண்ணியின் கூடை என்றைக்கும் காலி.

அன்றைக்குச் சேதி அண்ணியிடம் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கழுகு பார்த்துக்கொண்டே வருகிறாள்: அண்ணி வைத்த அட்டை ஒரு பக்கம் சரிகிறது, பலகை மூடத் தொடங்குகிறது, அண்ணியின் கை ஓரமாக உள்ளே போகிறது, அட்டையை நேராகத் தட்டிவிட்டு வெளியே வருகிறது. கை வந்துவிட்டது. கையில் தளர்ந்து கிடந்த வளையல் வரவில்லை. பலகை மறுபடி விரிந்தபோது வளையம் ஒன்று தகடாகித் தரையில் விழுந்தது. அட்டை மட்டும் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது.

அண்ணி அந்தத் தகட்டைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். சிரித்தாள்.

“வளையல்தானே போச்சு. கை இருக்கில்ல?”

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். கழுகுக்குக் கோபம்தான் வரும். சிவப்புப் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தினாள். பக்கத்து மெஷின்காரர்களும் வேடிக்கை பார்க்க நிறுத்தினார்கள்.

“அறிவிருக்கா உங்களுக்கு? கண்ணு எங்க போச்சு? வயசுக்குத் தகுந்த புத்தி வேணாம்?”

அத்தனை பேர் முன்னால். அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று. கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பதில் சாயங்காலம் வந்தது, வாயால் அல்ல. நாத்தனாரின் தட்டு மட்டும் மேஜைமேல் ‘டங்’கென்று விழுந்தது. குழம்பு கேட்டால் கரண்டி பாத்திரத்தில் போய் மோதியது.

“ரெண்டு பேருக்கும் என்னாச்சு?” என்றான் அண்ணன்.

“அறிவில்லாதவகிட்ட ஏன் கேக்கறீங்க? உங்க தங்கச்சிகிட்ட நிறைய இருக்கு, கேட்டு வாங்கிக்கங்க.”

அண்ணன் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டான். அந்த வீட்டில் அவன் பிழைத்துக் கிடப்பதே அப்படித்தான்.

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். விஷயத்தைக் கேட்டதும், “நோட்டீஸ் ஒட்டுங்க. நாலு பேரை வீட்டுக்கு அனுப்புங்க. தானா வழிக்கு வருவாங்க” என்றார். கழுகு நோட்டீஸ் ஒட்டினாள். ஏற்கெனவே ஒட்டியிருந்த நோட்டீஸின் மேலேயே ஒட்ட வேண்டியிருந்தது, சுவரில் வேறு இடம் இல்லை. கத்தினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். பின்வாசல் வழியாகப் புகுந்து பார்த்தாள். மறுநாள் பின்வாசலிலும் ஒருவர் காதைத் தொட்டபடி நின்றார். இத்தனை பாடுபட்டு அவள் கூடத்துக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், காதை இன்னும் வேகமாகத் தொடுவது எப்படி என்று.

அன்று மதியம் அலுவலக அறையின் கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். தான் இருக்கும்போது மட்டும் பத்திரமாக இருக்கிற கைகளால் யாருக்கு என்ன லாபம்? மெஷினுக்குச் சூப்பர்வைசர் வருகிறாளா போகிறாளா என்று தெரியாதே. கத்தியது போதும் என்று அப்போதுதான் முடிவு செய்தாள். விட்டுவிட அல்ல, வேறு வழி பார்க்க. அண்ணியின் கை வீட்டுக்கு முழுசாக வந்தாக வேண்டும். அதற்காக அண்ணியின் காலிலேயே விழ வேண்டும் என்றாலும் சரி.

டீ இடைவேளையில் போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும் பேசினது தப்பு.”

அண்ணி டீயை ஊதினாள். “எல்லார் முன்னாடியும் பேசிட்டு, தனியா வந்து தப்புங்கற. நல்ல கணக்கு.”

“நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். இப்ப ஒண்ணு கேக்கறேன், திட்ட மாட்டேன். அட்டை சாஞ்சா கை ஏன் உள்ள போகுது?”

“போகுதுன்னு எனக்கெங்கடி தெரியும்? போயிட்டு வந்தப்புறம்தான் தெரியும்.”

“அது எப்படித் தெரியாம போகும்?”

அண்ணி கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் பழைய குறும்பு வந்துவிட்டது. “வா. நீயே ஓட்டு.”

கூடத்தில் யாரும் இல்லை. கழுகு முதல் காரியமாகக் கம்பியில் செருகியிருந்த அட்டைத் துண்டைப் பிடுங்கி எறிந்தாள். மெஷினை மெதுவான ஓட்டத்தில் வைத்தாள். பழைய அட்டைகளை எடுத்துப் போடத் தொடங்கினாள். எடு, வை, கையை இழு. எடு, வை, கையை இழு. உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை. அண்ணி கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“இது யார் செஞ்சது?” என்றாள் அண்ணி திடீரென்று. அச்சு அசல் கழுகின் குரல். தினமும் காலையில் கூடைகளைக் கவிழ்த்து, பாழான அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து அவள் கேட்கிற கேள்வி. “கை வேலை செய்யுதா, காலா? இந்த அட்டை சும்மாவா வருது? என் அண்ணியைப் பாருங்க. அவங்க கூடையில ஒரு துண்டு உண்டா?”

கழுகுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து வைத்த அட்டை இடப்பக்கம் சாய்ந்தது.

“ஐயையோ, வீணாப் போச்சு!” என்றாள் அண்ணி.

கை போய்விட்டது. அனுப்பியது யார் என்று தெரியவில்லை, அவள் இல்லை. முழங்கை கம்பியில் மோதி, மெஷின் முனகி, பலகைகள் பாதி வாயோடு நின்றன. நடுவில் அவளுடைய விரல்கள் அட்டையைப் பிடித்தபடி இருந்தன. தன் விரல்களை யாரோ ஒருவருடையதைப் போல அவள் பார்த்தாள்.

அண்ணி சிரிக்கவில்லை. கூடையை வைத்துவிட்டு நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்தாள்.

“கம்பியைக் கட்டியிருந்தா?” என்றாள் கழுகு.

“கட்டாததாலதான் பேசிட்டிருக்கோம்.”

கழுகு அங்கேயே ஒரு அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சோம்பேறியின் கை மெஷினுக்குள் போகாது. அட்டை போனால் போகட்டும் என்று அவன் விட்டுவிடுவான். ஒரு அட்டையையும் பாழாக்க மனசு வராதவர்களின் கைதான் போகும். அந்தக் கையைத் தினமும் காலையில் உள்ளே பிடித்துத் தள்ளியது யார்? காலிக் கூடையைத் தூக்கிப் பிடித்து, என் அண்ணியைப் பாருங்க என்று பெருமை பேசியவள்தான். மெஷின் வெறும் இரும்பு, அதன்மேல் பழிபோட முடியாது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக வேகம் வந்தது.

மறுநாள் காலை எல்லோரையும் நிற்கவைத்து, முதலில் அண்ணியிடம் சத்தமாக மன்னிப்புக் கேட்டாள். அண்ணி, “சரி சரி, மேல பேசு” என்று கூச்சத்தில் நெளிந்தாள். பிறகு கழுகு ஒரு கூடையைத் தூக்கினாள். வழக்கமான பாட்டுதான் என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“இனிமே நான் கூடையைக் கவுக்க மாட்டேன். அட்டை சாஞ்சா விட்டுடுங்க, நசுங்கட்டும். அப்படி விட்டவங்களைத் தேடி வந்து நன்றி சொல்வேன். கம்பி பட்டு மெஷின் அடிக்கடி நிக்குதுன்னா என்னைக் கூப்பிடுங்க, மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றது என் வேலை. நான் தப்பா எங்கயாவது கையை வெச்சா, அக்கான்னு பார்க்காம நிறுத்துங்க. நேத்து இந்தக் கையும் உள்ள போச்சு.”

பசை தடவுகிறவர் பக்கத்தில் இருந்தவரிடம், “அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ?” என்று கேட்டார்.

மெக்கானிக் வந்தார். எல்லா மெஷின்களின் கம்பிகளையும் ஆட்டிப் பார்த்து, “ஸ்பிரிங் செத்துப் போயிருக்கு. காத்தடிச்சாலே நிக்கும், அப்புறம் கட்டி வைக்காம என்ன செய்வாங்க?” என்றார். புது ஸ்பிரிங்குக்காகக் கழுகு மேனேஜர் அறை வாசலில் ஒற்றைக் காலில் நின்றாள். உயிரை வாங்குகிறாளே என்று அவர் கையெழுத்துப் போட்டார். கம்பிகள் சரியாயின. ஆனால் மெக்கானிக் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: “மேலிருந்து வர்ற கையைத்தான் கம்பி பிடிக்கும். ஓரமா நுழையற கையைப் பிடிக்காது. அதுக்கு மெஷின்ல மருந்து இல்லம்மா.”

ஓரமாக நுழைகிற கை யாருடையது என்று கழுகுக்குத் தெரியும்.

முதல் சில நாள் கூடம் அவளை வைத்து விளையாடியது. “அக்கா, இங்க ஒரு அட்டையை நாசம் பண்ணியிருக்கேன், வந்து மாலை போடுங்க” என்று ஒருவர் கூப்பிட்டார். அவள் நிஜமாகவே போனாள். “கை எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள். “பின்னாடி இழுத்துட்டேன்” என்றார் அவர், சிரிப்பு கொஞ்சம் குறைந்து. “அதுதான் வேணும். நன்றிண்ணே” என்றாள். எத்தனை கேலி செய்தாலும் அவள் சிரிக்கவும் இல்லை, சலிக்கவும் இல்லை. கை சரியாக இருப்பதைக் கண்டால் அங்கேயே சொன்னாள். தப்பாக இருப்பதைக் கண்டால் ஓரமாகக் கூப்பிட்டு, ஏன் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். ஒருவர் உயரம் போதவில்லை என்றார், நிற்கப் பலகை வந்தது. இன்னொருவருக்குக் கையுறை பெரிது, சின்னது வந்தது. ஒருநாள் அவளே மறந்துபோய் அட்டைகளைச் சுமந்து ஓடுகிற பட்டையைத் தாண்டக் காலைத் தூக்கியபோது, பசை தடவுகிறவர் “அக்கா, சுத்தி வாங்க!” என்று கத்தினார். கத்திவிட்டுப் பயந்து நின்றார். அவள் சுற்றிக்கொண்டு வந்து, எல்லோரும் பார்க்க அவருக்குக் கும்பிடு போட்டாள். காதைத் தொடுவது எப்போது நின்றது என்று யாருக்குமே தெரியவில்லை.

எல்லாக் கூடையிலும் நாலு அட்டை விழுந்தது. அண்ணியின் கூடை மட்டும் காலி.

“உங்க அட்டை மட்டும் சாயறதே இல்லையா அண்ணி?” என்று ஒரு ராத்திரி சமையலறையில் கேட்டாள் கழுகு.

“சாயும்.”

“அப்புறம்?”

அண்ணி கறியை நறுக்கிக்கொண்டே சொன்னாள். “எனக்கு விட மனசு வரலைடி. கூடையில ஒரு அட்டையைப் பார்த்தா, நான் யாருங்கற மாதிரி இருக்கு. மத்தவங்க விடட்டும். என் கைக்குக் கண்ணு இருக்கு.”

“அன்னைக்கு என் கைக்கும் கண்ணு இருந்துச்சு.”

அன்று நாத்தனாரின் தட்டில் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக விழுந்தது. கழுகு விடுவதாக இல்லை. தினமும் அண்ணியின் மெஷின் பக்கம் போய் நின்று, குற்றம் சொல்லாமல், “கை முக்கியம் அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள். “போடி, கிளிப்பிள்ளை” என்பாள் அண்ணி.

இப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. பளபளவென்று அச்சடித்த விலை கூடிய அட்டை. சாயங்காலம் லாரி கிளம்பியாக வேண்டும். மேனேஜர் மதியத்திலிருந்தே கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கூடைகளைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“என்னம்மா இது? குப்பை அள்ளவா ஆளை வெச்சிருக்கோம்? முன்னெல்லாம் இப்படி இல்லையே.”

“முன்னெல்லாம் கை உள்ள போச்சு சார். இப்ப அட்டை மட்டும் போகுது.”

“இந்த ஆர்டர்ல அது நடக்காது. ஒரு அட்டை வீணாகக் கூடாது. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்.” அவர் விறுவிறுவென்று நடந்து அண்ணியின் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றார். “எல்லாரும் இங்க பாருங்க! இந்தம்மா கூடையில ஒண்ணாவது இருக்கா?”

கழுகுக்கு அந்தக் குரலைத் தெரியும். அது அவளுடைய பழைய குரல்.

“சார், அவங்க பின்னாடி நிக்காதீங்க.”

“ஏன் நிக்கக் கூடாது? நாளைக்கும் சூப்பர்வைசரா இருக்கணும்னா பேசாம இருங்க.”

“நாளைக்கு இருக்கேனோ இல்லையோ, இன்னைக்கு இருக்கேன். மெஷின் ஓடறப்ப அவங்க பின்னாடி யாரும் பேசக் கூடாது. தள்ளி வாங்க சார்.”

அவள் கத்தவில்லை. ஆனால் பக்கத்து மெஷினில் தொடங்கிக் கூடத்தின் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணியின் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எடு, வை, இழு. மேனேஜர் வாயைத் திறந்தார், அதே நேரத்தில் பளபளப்பான அட்டை வழுக்கி ஓரமாகச் சாய்ந்தது.

“பாத்து, பாத்து, போச்சு!” என்றார் அவர்.

அண்ணியின் கை கிளம்பியது. கழுகு பார்த்தாள், பொத்தானுக்குத் தாவினாள், எட்டாது என்று தாவும்போதே தெரிந்தது. கை ஓரம்வரை போயிற்று. பலகையின் நிழல் விரல்களின்மேல் விழுந்தது. அங்கே அது நின்றது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்தவர் கையைப் பிடுங்குகிற மாதிரித் தன் கையைப் பிடுங்கி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பலகைகள் மூடின. விலை கூடிய அட்டை நசுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மெஷினை அண்ணியே நிறுத்தினாள். கசங்கிய அட்டையை உருவி எடுத்தாள். விரல்கள் இருந்திருக்கக்கூடிய இடத்தில் பலகையில் பதித்த கத்தி ஆழமாக இறங்கியிருந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார். அந்த மெஷின் ஓடும்போது அதன் இவ்வளவு அருகில் அவர் நின்றதே இல்லை. முகம் வெளுத்துப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். யாரும் சொல்லாமலே இன்னும் இரண்டடி நகர்ந்தார்.

“லாரிக்காரன்கிட்ட... கொஞ்சம் காத்திருக்கச் சொல்றேன்” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அண்ணி அந்த அட்டையைக் கூடையில் போட்டாள். நாத்தனார் பொத்தானை நோக்கி நீட்டிய கையோடு சிலையாக நின்றுகொண்டிருந்தாள். கழுகின் கண்ணில் தண்ணீர், பேச நினைத்தால் உதடு கோணியது.

“என்னடி பாத்துட்டு நிக்கற?” என்றாள் அண்ணி. “ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் தேடிப் போய்ச் சொன்னியே. எனக்குச் சொல்ல மாட்டியா?”

“நன்றி அண்ணி” என்றாள் கழுகு. அத்தனை மெஷினும் நின்றிருந்ததால், அது கடைசி ஆள்வரைக்கும் கேட்டது.